வளர்ச்சி ஓமோனும் ஒற்றைக் குருதிப் பரிசோதனையும்

போன தவணையில் தரம் எட்டுப் பிள்ளையொன்றின் உம்மா ஒரு றிப்போட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "சேர், புள்ளைக்கு வளர்ற ஓமோனே இல்லையாம். 0.2 தான் இருக்காம்." பையன் வகுப்பில் எப்போதும் முன் வரிசை. யாரோ சொன்னார்களென்று, காலை பத்து மணிக்கு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் குருதி கொடுத்திருக்கிறார்கள். நான் தமிழ் ஆசிரியன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு தேடி வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த 0.2 தனியே எதையும் சொல்லாது. மூளையின் அடியில் கடலையளவில் இருக்கும் கபச்சுரப்பி, வளர்ச்சி ஓமோனை ஒரே சீராக விடுவதில்லை. விட்டு விட்டு, அலையலையாக விடுகிறது. பெரிய அலைகள் ஆழ்ந்த உறக்கத்தில்தான் வருகின்றன. இடையில் குருதியில் அது இல்லையென்னும் அளவுக்கு இறங்கிவிடும். நல்லா வளரும் பிள்ளைக்கும் பகலில் 0.2 வரலாம்.

ஆகவே வைத்தியர்கள் முதலில் பார்ப்பது ஐ.ஜி.எஃப்-1. வளர்ச்சி ஓமோனின் தூண்டலால் பெரும்பாலும் ஈரலில் உண்டாகும் இது, பகலிரவாக அதிகம் மாறாது. எனினும் வயதையும் பருவத்தையும் பார்த்தே வாசிக்க வேண்டும். போசாக்குக் குறைந்தாலும் தைரொயிட் மந்தமானாலும் இதுவும் குறையும். அதனால்தான் தைரொயிட் பரிசோதனையை முன்னாலேயே முடிக்கிறார்கள்.

சந்தேகம் நீடித்தால் தூண்டற் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குக் கனுலா போட்டு, குளோனிடீன், குளுக்ககன், ஆர்ஜினின், இன்சுலின் போன்றவற்றில் ஒன்றைக் கொடுத்துச் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறார்கள். பிறகு அரை மணிக்கொரு தரமளவில் குருதி எடுத்து, உச்ச அளவைப் பார்ப்பார்கள். இன்சுலின் கொடுத்தால் குருதியில் சீனி இறங்கும். தூண்டலும் அதுதான், ஆபத்தும் அதுதான். வைத்தியர் கண்காணிப்பில்லாமல் செய்யக் கூடாத காரியம் இது. உச்சம் மில்லிலீற்றருக்கு 10 நனோகிராமைத் தொடாவிட்டால் குறைபாடு என்று நெடுங்காலம் கொண்டார்கள். இப்போது பல இடங்களில் 7. கோடு மனிதர் போட்டதுதானே! கருவி மாறினாலும் இலக்கம் மாறும். சுகமான பிள்ளையும் ஒரு தடவை தவறலாம் என்பதால், பொதுவாக இரண்டு வெவ்வேறு மருந்துக்கும் உச்சம் குறைந்தால்தான் குறைபாடு என்று ஏற்பார்கள்.

மிகை வளர்ச்சிக்கு வழி நேர்மாறு. வளர்ந்தோருக்கு 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். சீனி ஏற, ஓமோன் 1 நனோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கபச்சுரப்பியில் கட்டி உண்டா என்று ஸ்கேன் எடுப்பார்கள்.

நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய ஓமோன்களை அளக்க வழி திறந்தவர்கள் றொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும். யாலோவுக்கு 1977 இல் நோபல் பரிசு கிடைத்தது. பேர்சன் அதற்குள் காலமாகிவிட்டார்.

அந்த உம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: றிப்போட் இருக்கட்டும், பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் தேடுங்கள். வருடத்துக்கு எத்தனை சென்ரிமீற்றர் வளர்ந்தான் என்பது அந்த 0.2 ஐ விடப் பெரிய சாட்சி. சுணங்கவும் வேண்டாம், எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொண்டால் பிறகு ஊசி போட்டும் உயரம் கூடாது.

பையன் இப்போது பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறான். எலும்பின் வயது பார்க்க இடது கையில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. தூண்டற் பரிசோதனைக்கு அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள்.