நனையாத பாதம்

மழைக்காலம் வந்துவிட்டால் தலையைக் காப்பதற்கே நாம் முதலில் வழி தேடுகிறோம். குடை தலைக்கு, தொப்பி தலைக்கு, மழையங்கியோ பெரும்பாலும் முழங்காலோடு நின்றுவிடுகிறது. பாதங்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. நடந்து செல்வோருக்கு இது சிறு தொல்லை. மோட்டார் சைக்கிளிற் செல்வோருக்கோ பெருந்தொல்லை. வானிலிருந்து விழும் மழை ஒருபுறமிருக்க, முன்சக்கரம் வாரி எறியும் சேற்றுநீர் நேரே அவர்கள் கால்களையே நாடி வருகிறது.

தம்புள்ளையிலிருந்து ஹபரணை செல்லும் வீதியில் இனாமலுவைச் சந்தியிலே திரும்பினால், சீகிரியாவுக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். இது உலர்வலயம் எனப்படும் பகுதியாயினும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிற் பிற்பகல் இடிமழையும், அதனைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவக்காற்று மழையும் வெளுத்து வாங்குவதுண்டு. அப்போதும் ஆசிரியர் பாடசாலைக்குப் போக வேண்டும். விடுதி ஊழியர் வேலைக்குப் போக வேண்டும். கமக்காரர் தோட்டத்துக்குப் போக வேண்டும். இவர்களிற் பலருக்கு மோட்டார் சைக்கிளே வாகனம். ஆகவே பாதத்தை நனையாமற் காப்பது எப்படி என்னும் கேள்வி இவர்களுக்கு அன்றாடக் கேள்வியாகும்.

ஈரத்தால் வரும் கேடு

"கால் நனைந்தால் என்ன, காய்ந்துவிடாதா?" என்று கேட்போர் உளர். காய்ந்துவிடும், ஆனால் காயும் வரை நாள் முழுவதும் ஈரச் சப்பாத்துக்குள் ஊறும் தோல் வெளுத்து மென்மையடைகிறது, விரலிடுக்குகளிற் சேற்றுப்புண் தோன்றுகிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரிற் பதுங்குகுழி நீரில் நாட்கணக்காக நின்ற வீரர் பலர் பாதங்கள் மரத்து, அழுகிப் போர்க்களத்தை விட்டகன்றனர். பிரித்தானியப் படையினர் திமிங்கில எண்ணெய் பூசியும், உலர்ந்த காலுறை மாற்றியுமே அந்நோயைத் தடுக்க முயன்றனர்.

நம் நாட்டில் இதனினும் அண்மையதோர் அபாயம் உண்டு. அதுவே எலிக்காய்ச்சல். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த தேங்குநீரிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு, கீறல், ஊறிய தோல் ஆகியவற்றின் வழியே இந்நோய்க்கிருமி உடலுட் புகுகிறது. 2008ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையிற் பெருமளவு பரவியபோது, 7,000க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கருதப்பட்டனர். மாத்தளையும் அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. சேற்றுநீரில் நனைந்து சில நாட்களின் பின் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் கண்டால், தாமதியாது வைத்தியரை நாடி, கால் நனைந்த செய்தியையும் சொல்ல வேண்டும்.

பாறை கற்பிக்கும் பாடம்

நனையாதிருக்கும் வழியைச் சீகிரியாவின் பாறைகளே நமக்குக் கற்பிக்கின்றன. காசியப்பன் கி.பி. 477 முதல் 495 வரை அரசாண்டு அங்கே மாளிகை அமைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பௌத்த துறவியர் அக்குன்றின் அடிவாரக் குகைகளில் வாழ்ந்தனர். நாகபடக் குகை என வழங்கும் பாறையை அண்ணாந்து பார்ப்போர், அதன் நெற்றியில் வெட்டப்பட்ட நீண்ட விளிம்பு ஒன்றைக் காணலாம். மழைநீர் பாறையில் வழிந்து, அதன் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே குகைக்குள் ஊர்ந்து வரும் இயல்புடையது. அவ்விளிம்பை அடைந்ததும் மேலே செல்ல வழியின்றிச் சொட்டிவிடுகிறது. உள்ளே இருப்பவர் நனைவதில்லை. நம் வீட்டுச் சன்னல் மேற்கூரையின் அடியிலுள்ள சிறு பள்ளமும் இதே வேலையைச் செய்கிறது.

அந்தத் துறவியர் மழையோடு மல்லுக்கு நிற்கவில்லை. நீர் உள்ளே வரும் வழியைத் துண்டித்தனர். மோட்டார் சைக்கிளோட்டிக்கும் இதுவே பாடம். தடித்த சப்பாத்து வாங்கினாற் போதும் என்பது பலர் எண்ணம். நீரோ பெரும்பாலும் சப்பாத்தைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. காற்சட்டை வழியே வழிந்து, மேல்வாயால் உள்ளே இறங்குகிறது. காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகிக்கொள்வது, பீலித் தண்ணீரைக் குடத்துக்குள் திருப்பிவிடுவதற்கு ஒப்பாகும். கூரை ஓட்டில் மேலோடு கீழோட்டை மூடி நிற்பதுபோல, மழைக்காற்சட்டை சப்பாத்தின் வெளியே இறங்கி நிற்க வேண்டும். அமரும்போது முழங்கால் மடங்குவதால் அதன் விளிம்பு மேலேறிவிடும். ஆகவே கடையில் நின்று அளவு பார்த்தாற் போதாது. அமர்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்தது முன்சக்கரம். அதன் மட்கார்டின் கீழ்நுனியில் அகன்ற றப்பர்த் துண்டொன்றைச் சக்கரத்தில் உரசாதபடி பொருத்தினால், காலை நோக்கி வரும் சேற்றுநீர் வெகுவாகக் குறையும். செலவும் சொற்பமே.

எதனை அணிவது?

றப்பர் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் அதன் கன்றுகள் நடப்பட்டன. உயர்ந்த றப்பர்ச் சப்பாத்து நீரை நன்கு தடுக்கும். ஆயினும் மேல்வாயால் நீர் புகுந்தால் வெளியேற வழியின்றிக் குளமாகிவிடும். வியர்வையும் உள்ளேயே தங்கும். அதன் பருத்த நுனி கியர் மிதியின் கீழ் எளிதில் நுழைகிறதா என்றும் பார்த்துக்கொள்க. 1969இல் அமெரிக்கரான பொப் கோர் கண்டறிந்த மென்படலத்தால் அமைந்த சப்பாத்துகள், நீர்த்துளியைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடுவன. ஆனால் அவற்றின் விலை சாமானியர் கைக்கு எட்டுவதில்லை.

எட்டாதவர்க்கும் வழியுண்டு. காலுறையின் மேல் பொலித்தீன் பையை இட்டு, அதன்மேற் சப்பாத்தை அணிந்தால், குறுந்தூரப் பயணத்திற் கால் நனையாது. சப்பாத்தின் வெளியே பையைக் கட்டுதல் தகாது. பின் பிறேக் வலது பாதத்தின் கீழ் உள்ளது; வழுக்கும் பை மிதியில் நிற்காது; சூடான சைலன்சரிற் பட்டால் உருகி ஒட்டும். வெள்ளம் பாயும் இடத்தில் நனைவதற்கு அஞ்சி இரு கால்களையும் தூக்கிக்கொண்டு செலுத்துவோரையும் நாம் கண்டிருக்கிறோம். அவ்வேளையிற் பின் பிறேக்கும் இல்லை, நிலையும் இல்லை. நனைந்த காலை உலர்த்தலாம். முறிந்த காலை ஒட்டுவது எளிதன்று. நீரின் ஆழம் தெரியாவிடின் நின்று திரும்புவதே அறிவுடைமை.

செருப்பே போதும் என்பாரும் உளர். அது விரைவில் உலர்வது மெய்யே. ஆயினும் கல்லிலிருந்தும் சூட்டிலிருந்தும் அது காலைக் காவாது, சேற்றுநீரையும் தடுக்காது.

வீடு திரும்பியபின்

எத்துணை முயன்றும் சில நாட்களில் நனையவே நேரும். அதற்காக உலர்ந்த காலுறைகளையும் சிறு துவாயையும் இறுகக் கட்டிய பையில் எப்போதும் உடன் வைத்திருத்தல் நன்று. போய்ச் சேர்ந்ததும் பாதத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, அதன்பின் காலுறை மாற்றுக. ஈரச் சப்பாத்தை அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும்; ஒட்டுப்பசை விடும். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, தாள் ஈரமானதும் மாற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் மறுநாட் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். வாசகர்கள் இவ்விதழையும் அதற்குப் பயன்படுத்துவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. படித்து முடித்தபின் என்பதே வேண்டுகோள்.

வீட்டிலுள்ளோருக்கும் இதில் ஒரு பங்குண்டு. மழை இருட்டும் வேளையிற் புறப்படுவோரிடம் "கவனமாகப் போய் வா" என்று சொல்லும்போதே, அந்த உலர்ந்த காலுறைப் பையையும் கையிற் கொடுத்தனுப்புங்கள். விலையுயர்ந்த சப்பாத்து எல்லா வீட்டிலும் இராது. இந்தச் சிறு பை எந்த வீட்டிலும் இருக்கக்கூடும்.