"நீங்க எந்த ஊர்?"

என் தந்தை தமிழர், தாய் கன்னடத்தவர். நான் பிறந்து வளர்ந்தது நம் அல்சூரில். வீட்டில் இரண்டு மொழி. தெருவில் தெலுங்கும் உருதுவும் சேர்ந்து நான்கு. அதனாலோ என்னவோ, வெளியூர் போனால் நான் யாரென்று ஒருவருக்கும் பிடிபடுவதில்லை!

தில்லி ரயிலில் ஓர் அம்மையார், "மதராசியா?" என்றார். "பெங்களூர்" என்றேன். "அதுதான், மதராசி!" என்று முடித்துவிட்டார். சென்னைக் கடையொன்றில் வாய் தவறி, "சொல்ப குறைச்சுக் கொடுங்க" என்றேன். "கன்னடமாம்மா? தமிழ் நல்லாப் பேசறீங்களே!" என்று பாராட்டு. மைசூரிலோ என் கன்னடத்தில் தமிழ் வாடை வீசுகிறதாம்.

தில்லி அம்மையாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுவோர் எல்லோரும் இருந்தனர். 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தன. 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. 1996இல் நகரமும் சென்னை ஆயிற்று. "மதராசி" மட்டும் இன்னும் போகவில்லை. நம் ஏரிக்கரையிலேயே பாருங்கள்: 1834 முதல் பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில், நான்கு மொழி வீரர்களுக்கும் ஒரே செல்லப்பெயர், "தம்பி"!

ஆனால், எல்லாமே சிரித்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது, "நீங்க என்ன பாஷை?" என்ற கேள்வி வயிற்றைக் கலக்கியது. என் தாய்மொழி எது, தந்தைமொழி எது என்று விளக்கிக் கொண்டிருக்கவா முடியும்? பேருந்தில் வாயே திறக்காமல் வந்தேன்.

அதே ஆண்டு நம் ஏரிக்கரையில் நிறுவிய வள்ளுவர் சிலையும் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. என் பெற்றோர் இருவருக்கும் மரியாதை கிடைத்ததுபோல் மனம் நிறைந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெளியூரில் யாராவது கேட்டால், குழந்தைகள் தயங்காமல் முழுப் பதிலும் சொல்லட்டும்: "அப்பா தமிழ், அம்மா கன்னடம், ஊர் அல்சூர்." ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கப் பழக்காதீர்கள்.

நம் ஊரைக் கன்னடத்தார் ஹலசூரு என்கிறார்கள். நாம் அல்சூர் என்கிறோம். எப்படி அழைத்தாலும் ஏரி ஒன்றுதானே!