அலை பாடும் துறையிலே

"தரங்கம்பாடிக்கா புறப்பட்டிருக்கிறீர்கள்? அங்கே ஒரு பழைய கோட்டையையும் கருவாட்டு வாசனையையும் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று மயிலாடுதுறையில் ஒரு நண்பர் எங்களைக் கேட்டார். 'ஆயிரமானாலும் மாயூரமாகாது' என்ற பழமொழியைப் பாலோடு குடித்து வளர்ந்தவர் அவர். அவரிடம் இன்னோர் ஊரைப் பற்றிப் புகழுரையை எதிர்பார்த்தது எங்கள் பிசகுதான். ஆகவே பதில் ஒன்றும் சொல்லாமல், அவர் வீட்டுக் காப்பியை மட்டும் மனமாரப் புகழ்ந்துவிட்டு பஸ் ஏறினோம்.

முன்பு இந்தப் பிரயாணத்துக்கு ரயில் உண்டு. 1926-ஆம் ஆண்டில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 1986-இல் அதை மூடிவிட்டார்கள். இப்போது பஸ்தான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். இரு பக்கமும் வயல்களும் தென்னைகளுமாகக் காவேரிப் பாசனச் சீமை கண்ணுக்குக் குளிர்ச்சி தருகிறது. பொறையாறு தாண்டியதும் காற்றில் உப்பு ஏறுகிறது. கடல் அருகில் இருக்கிறதென்று மூக்கு முதலில் சொல்லிவிடுகிறது. கண் பிறகுதான் ஒப்புக்கொள்கிறது.

வாயிலும் வீதியும்

ஊருக்குள் நுழையும்போதே ஒரு வெள்ளை வாயில் நம்மை வரவேற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி மதில் எழுந்தது. இப்போதுள்ள வாயில் 1792-இல் கட்டியது. அதைக் கடந்தால் அரசர் வீதி. நேராகக் கடலை நோக்கிப் போகும் அகலமான வீதி. இரு மருங்கிலும் மாதா கோயில்களும் தூண்கள் தாங்கிய பழைய மாளிகைகளும். நம் ஊர்த் தேரோடும் வீதிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது ஏதோ அயல் தேசத்துச் சித்திரப் புத்தகத்தைப் பிரித்தது போல இருக்கிறது.

அயல் தேசம் என்றால் எந்தத் தேசம்? இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நம் நாட்டில் செய்த காரியங்களை நாம் அறிவோம். ஐரோப்பாவின் வட பகுதியிலுள்ள சின்னஞ்சிறு டென்மார்க்கு, தஞ்சைச் சீமைக் கரையில் 225 ஆண்டுகள் கொடி பறக்கவிட்டது என்பது நம் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கதை ஒரு கப்பற்சேதத்தில் தொடங்குகிறது. 1616-இல் டேனிஷ்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை ஏற்படுத்தினார்கள். முன்னோடியாக வந்த அவர்களுடைய கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துகீசியர்கள் தாக்கினார்கள், கப்பல் உடைந்தது. உயிர் தப்பிய ரோலாண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை அரசர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். பின்னர் தளபதி ஓவே கெத்தே வந்து, 1620-ஆம் ஆண்டு நவம்பரில் நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். மிளகு வாங்கவும் கோட்டை கட்டவும் அனுமதி கிடைத்தது. டென்மார்க்கு அரசருக்கு நாயக்கர் பொன்னேட்டில் எழுதுவித்த தமிழ்த் திருமுகம் இன்றும் அந்நாட்டு ஆவணக் களரியில் இருக்கிறது.

டான்ஸ்பர்க் கோட்டை

அன்று எழும்பிய கோட்டைக்கு டான்ஸ்பர்க் என்று பெயர். மேல் தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் வசித்தார்கள். கீழ்த் தளத்தில் சரக்குக் கிடங்குகளும் சிறைக்கூடமும் இருந்தன. தொழுகை மேலே, துன்பம் கீழே, இடையில் ஒரு தளவரிசை! இப்போது தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பொருட்காட்சி சாலை இங்கே இருக்கிறது. பழைய நாணயங்களையும் பீங்கான் சாமான்களையும் பத்திரங்களையும் நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தக் கோட்டையின் சரித்திரத்தில் எங்களை மிகவும் கவர்ந்தது ஒரு விசித்திரமான அத்தியாயம். 1640-ஐ ஒட்டிய காலந்தொட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. ஐரோப்பாவில் யுத்தம், கம்பெனிக்குப் பண முடை. கரையில் இருந்தவர்களைத் தாய்நாடு மறந்தே போயிற்று. ஒவ்வொருவராக மாண்டார்கள். எஸ்கில் கோங்ஸ்பக்கே என்ற ஒரு சாதாரணப் போர் வீரர் தலைமையேற்று, உள்ளூர் ஜனங்களின் துணையோடு கோட்டையைக் காத்தார். கடைசியில் 1669-இல் ஒரு கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்ததாம். கொத்தளத்தின் மேல் நின்று தொடுவானத்தைப் பார்த்தபோது, வராத கப்பலுக்காகப் பல வருஷம் இதே இடத்தில் கண் பூத்து நின்ற மனிதரை எண்ணி மனம் இளகியது. அந்நியராயிருந்தால் என்ன? காத்திருப்பவரின் துயரம் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான்.

மணலில் எழுதிப் படித்தவர்

1706-ஆம் ஆண்டு ஜூலையில், டேனிஷ் அரசர் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார் தோழர் ஒருவருடன் வந்து இறங்கினார். தமிழ் கற்பதற்காக, திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். மத வேலைக்காக வந்தவர் என்பது உண்மையே. ஆனாலும் நம் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 'கொன்றை வேந்தன்', 'உலக நீதி' முதலிய நீதி நூல்களை ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார். தமிழர்களை நாகரிகமற்றவர்கள் என்று எண்ணிய ஐரோப்பியருக்கு, அவர்கள் கல்வியிற் சிறந்தவர்கள் என்று எழுதினார். அவருடைய சொந்தக் கவர்னரே அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார் என்பது வேடிக்கையான விதி.

1712-இல் அச்சு இயந்திரமும் மறு ஆண்டு தமிழ் எழுத்துக்களும் வந்து சேர்ந்தன. தமிழ் அச்சேறியது இதுதான் முதல் தடவை என்று சிலர் சொல்வது சரியன்று. கொல்லத்தில் 1578-லேயே தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. ஆயினும் தொடர்ந்து நிலைத்து நடந்த அச்சகம் என்ற பெருமை இவ்வூருக்கு உண்டு. தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேதான் 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை அச்சிட மேல் நாட்டில் யாரும் முன்வரவில்லை. 1867-இல்தான் அது சென்னையில் வெளிவந்தது.

1719-இல் அவர் காலமானபோது வயது 36. அரசர் வீதியில் 1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். வாரந்தோறும் அச்சு மை வாசனையோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற நாங்கள், அங்கே சற்று நேரம் மௌனமாக நின்றுவிட்டுத்தான் வந்தோம்.

கடல் கொண்ட கோயில்

கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டில் எழுந்தது. அக்காலக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது ஊர். ஈசன் குடியிருந்த ஊர். கோயிலின் முன்பகுதிகளைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சியதைப் பாறைகள் அடுக்கிக் காத்திருக்கிறார்கள். பழைய கருங்கல் தூண்கள் சில அலைகளுக்கிடையே கிடந்து நனைகின்றன.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போயிற்று. மீனவர் குப்பங்களில் அழுகுரல் கேளாத வீடு இல்லை. படகோரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், "பெரியவரே, கடல் மேலே கோபம் வரவில்லையா?" என்று கேட்டோம். "கோபிச்சுக்கிட்டு எங்கே போறது, ஐயா? அம்மா அடிச்சாலும் அம்மாதானே!" என்றார். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டரை லட்சம்

1845-இல் டென்மார்க்கு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து இங்கிலீஷ் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. கோட்டை, வீதி, மரம், மட்டையோடு அங்கே வாழ்ந்த ஜனங்களும் கைமாறினார்கள். அவர்களுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்? 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அங்கே போய்விட்டது, தரங்கம்பாடி உறங்கிவிட்டது.

இந்த விலை எங்கள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு விடை சில மைல் மேற்கே, தில்லையாடியில் கிடைத்தது.

பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற தமிழ்க் குடும்பத்தில், 1898-இல் ஜோகானஸ்பர்க்கில் பிறந்தவள் வள்ளியம்மை. தாயாரின் ஊர் தில்லையாடி. 1913-இல், கிறிஸ்தவ முறைப்படி நடவாத விவாகங்கள் செல்லாது என்று அங்கே ஒரு நியாய ஸ்தலம் தீர்ப்புச் சொன்னது. நம் தாய்மார்களின் தாலிக்கு மதிப்பில்லை என்றாயிற்று. காந்தியடிகள் சத்தியாக்கிரகத்துக்கு அழைத்தார். வள்ளியம்மையும் தாயாரும் புறப்பட்டார்கள். மூன்று மாதக் கடுங்காவல். விஷ ஜுரத்தோடு சிறையிலிருந்து வெளிவந்த அந்தப் பெண், 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, பதினாறாம் வயதில் கண்ணை மூடினாள். அதே ஆண்டில் சட்டம் திருந்தியது. நம் விவாகங்கள் செல்லுபடியாயின. மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது. 1915-இல் காந்தியடிகள் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தார். இன்று அங்கே அவள் பெயரால் நினைவு மண்டபம் இருக்கிறது.

ஒரு துறைமுகத்தையும் அதன் ஜனங்களையும் பன்னிரண்டரை லட்சத்துக்கு விலை பேசினார்கள். அந்த மண்ணின் மகள் ஒருத்தி, மானத்துக்கு விலையில்லை என்று தன் உயிரைக் கொடுத்துச் சொன்னாள். கோட்டையைப் பார்த்துவிட்டுத் தில்லையாடியைப் பாராமல் திரும்புகிறவர்கள் கதையின் பாதியைத்தான் படித்தவர்கள்.

போகிறவர்களுக்கு

குடும்பத்தோடு போகிறவர்கள் தை, மாசியில் போவது உத்தமம். வெயில் ஏறுமுன் கோட்டையையும் கோயிலையும் பார்த்துவிடலாம். வடக்கே காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். தெற்கே அம்மையார் அவதரித்த காரைக்கால். வழியிலே திருக்கடையூரில் அமிர்தகடேசரையும் அபிராமி அம்மையையும் தரிசிக்கலாம். மார்க்கண்டேயருக்காகக் காலனை உதைத்த ஸ்தலமாதலால், அறுபதாங் கல்யாணத் தம்பதிகளை எந்த நாளும் அங்கே காணலாம். மாலை போட்டுக்கொண்டு வெட்கப்படும் பாட்டிமார்களைப் பார்ப்பதும் ஒரு தரிசனமே.

மாலையில் மீண்டும் தரங்கம்பாடிக் கரையில் அமர்ந்தோம். நாயக்கர் போனார், டேனிஷ்காரர் போனார், இங்கிலீஷ்காரரும் போனார். அலை மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மயிலாடுதுறை நண்பருக்கு அன்றிரவே ஒரு கடிதம் எழுதினோம்: "கருவாட்டு வாசனை இருப்பது மெய்தான். அடுத்த முறை நீங்களும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள்."