காலம் கடந்த உரிமம்

சென்னையின் தென்புறத்தே, பல்லாவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே அமைந்த ஊர் குரோம்பேட்டை. அதன் வழியே ஜி.எஸ்.டி. சாலை செல்கின்றது. பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இருசக்கர ஊர்திகளும் அச்சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. அதனைக் கடக்கும் மாணவனும் முதியவரும், ஊர்தி செலுத்தி வருவோரின் திறமையை நம்பியே அடியெடுத்து வைக்கின்றனர். அத்திறமைக்கு அரசு அளிக்கும் சான்றே ஓட்டுநர் உரிமம். இதனை மக்கள் லைசென்சு என வழங்குவர்.

இவ்வுரிமம் வாழ்நாள் முழுமைக்கும் உரியதன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணொளி மங்கலாம், செவிப்புலன் குறையலாம், கைகால்களின் விரைவு தளரலாம். ஒருமுறை தேர்வில் வென்றவர் என்றும் தகுதியுடையவராகவே இருப்பார் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆதலின் சட்டம் அதற்குக் கால எல்லை வகுத்துள்ளது.

1939-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 1988-இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி, முப்பது வயது நிரம்புமுன் சொந்த ஊர்திக்குரிய உரிமம் பெற்றவர்க்கு அது நாற்பது வயது வரை செல்லும். முப்பது முதல் ஐம்பது வயதிற்கு உட்பட்டோர்க்குப் பத்து ஆண்டுகள் செல்லும். ஐம்பது முதல் ஐம்பத்தைந்திற்கு உட்பட்டோர்க்கு அறுபது வயது வரை செல்லும். அதற்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். வாடகை ஊர்தி, சரக்கு ஊர்தி முதலியவற்றை ஓட்டுவோர்க்குப் பொதுவாக ஐந்தாண்டே எல்லை.

எல்லை கடந்தபின் செய்யத்தக்கது யாது? இங்கேதான் பலர் பிழைபட எண்ணுகின்றனர். உரிமம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டிற்குள் விண்ணப்பித்தால், ஓட்டுநர் தேர்வு இன்றியே அதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டு கடந்துவிடின் மீண்டும் தேர்வில் வென்றாக வேண்டும். இதனைக் கேள்வியுற்றோர், அவ்வோராண்டும் ஊர்தி ஓட்டலாம் என்று கருதிவிடுகின்றனர். அஃது உண்மையன்று. அந்த ஓராண்டு விண்ணப்பிப்பதற்கு அளிக்கப்பட்டதே அன்றி, ஓட்டுவதற்கு அளிக்கப்பட்டதன்று. முன்னர், முடிந்த உரிமமும் மேலும் முப்பது நாள் செல்லும் என்னும் விதி இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 பிப்ரவரி முதல் நாளுக்குப்பின் முடிந்த உரிமங்கள் தொடர்ந்து செல்லுமென மைய அரசு அறிவித்தது. அச்சலுகையும் 2021 அக்டோபர் 31-ஆம் நாளோடு முடிவுற்றது.

செல்லும் உரிமமின்றி ஊர்தி ஓட்டுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகின்றது. தண்டத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மார்ச்சுத் திங்களில் உரிமம் முடிந்த ஒருவர், அதனை அறிந்தும் ஏப்ரலில் தம் ஊர்தியை ஓட்டிச் சென்று, வழிநடப்பார் ஒருவர்மீது மோதிவிட்டார் எனக் கொள்க. காயமுற்றவர் கைவிடப்படலாகாது, ஆதலின் முதலில் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். ஆனால், உரிமையாளர் அறிந்தே நிபந்தனையை மீறினார் என்பது மெய்ப்பிக்கப்பட்டால், அத்தொகையை அவரிடமிருந்து நிறுவனம் திரும்பப் பெறலாம். இந்நெறியை உச்ச நீதிமன்றம் 2004-இல் தெளிவுறுத்தியது. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளும் வீடும் ஒரு நாள் மறதியால் கைவிட்டுப் போகக்கூடும்.

புதுப்பித்தல் அரிய செயலன்று. குரோம்பேட்டையை அடுத்துத் தாம்பரம், மீனம்பாக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன. மைய அரசின் 'சாரதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தேர் செலுத்துவோனைக் குறிக்கும் பழஞ்சொல்லே அத்தளத்தின் பெயராயிற்று. நாற்பது வயது நிரம்பியோர் மருத்துவச் சான்றும் இணைத்தல் வேண்டும். எல்லை நாளுக்கு ஓராண்டு முன்னதாகவே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகின்றது.

உரிமத்தில் அச்சிடப்பட்ட நாளைப் படித்தறிதல் எழுத்தறிந்த எவர்க்கும் எளிது. ஒவ்வோர் இல்லத்திலும் மாணவர் தம் பெற்றோரின் உரிமத்தை எடுத்துப் பார்த்து, அந்நாளை நாட்காட்டியில் குறித்து வைத்தல் நன்று. வெள்ளம் வருமுன் அணை போடுதலே அறிவுடைமை.