கட்டணம் வாங்கினால் கணக்கும் சொல்லுங்கள்

சுவா போன்ற தோட்டப்புற வட்டாரங்களில் எழுவர் காற்பந்துப் போட்டி நடத்துவது இன்று எளிது. ஒரு திடல், ஒரு வாட்ஸ்அப் அறிவிப்பு, குழுவுக்கு இவ்வளவு வெள்ளி என்றால் போதும். ஆனால் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தால் போர்ட்டிக்சன் மருத்துவமனைக்கு யார் கொண்டுபோவது? அறிவித்த பரிசுத் தொகை குறைந்தால் யாரைக் கேட்பது?

2017 டிசம்பரில் கிள்ளானில் நடந்த மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த மூவர்மீது கார் மோதியது. பணம் கட்டிப் பங்கேற்பவரின் பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி சிறிய போட்டிகளுக்கும் பொருந்தும்.

1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற சங்கத்துக்குப் பொறுப்பாளர்கள் உண்டு. அவர்களைக் கேள்வி கேட்கலாம். வெறும் தொலைபேசி எண்ணைக் கேட்க முடியாது.

ஏற்பாட்டாளர்கள் பலர் சம்பளம் வாங்காத இளைஞர்கள்தாம். அதனால் பொறுப்பு குறைந்துவிடாது.

ஆகவே மாணவர்களே, கட்டணம் செலுத்துமுன் கேளுங்கள்: நடத்துவது பதிவு பெற்ற சங்கமா? நடுவர் யார்? முதலுதவிக்கு ஆள் உண்டா? மழையால் ஆட்டம் நின்றால் பணம் திரும்புமா? ஏற்பாட்டாளர்களும் போட்டி முடிந்ததும் வரவு செலவை அறிவிக்கட்டும். அப்படிச் செய்தால், அடுத்த ஆண்டு குழுக்கள் தாமாகவே தேடி வரும்.