மன்னிப்புக் கேட்காத தேவியும் என் மகளும்

என் மகள் நான்காம் படிவத்தில் படிக்கிறாள். கடந்த ஒன்றரை ஆண்டாக எங்கள் வீட்டில் பேச்சு மிகவும் சுருங்கிவிட்டது. "சாப்பிட்டியா?" "ம்." "டியூஷன் காசு கட்டியாச்சா?" "ம்." அவ்வளவுதான். அவள் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். நானும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவேன்.

சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு, அந்தக் கதவு திறந்தது. மடிக்கணினியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, இந்த ஒரு எபிசோட் மட்டும் என்கூட பாருங்க. நடுவுல ஒன்னும் கேக்காதீங்க" என்றாள்.

அவள் காட்டியது 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற அமெரிக்கத் தொடர். பதின்ம வயதுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை. காதல், விருந்து, அரட்டை என்று போகும் இப்படிப்பட்ட தொடர்களை நான் பார்ப்பதில்லை. மகள் கூப்பிட்டாளே என்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது, ஒன்றரை ஆண்டாக எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது என்ன என்று எனக்கு விளங்கியது. அதனால்தான் அந்த ஒரே ஒரு அத்தியாயத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

தமிழ்ப் பெயர்கள் நிறைந்த தொடர்

முதலில் தொடரைப் பற்றிக் கொஞ்சம். நெட்பிலிக்சில் 2020 ஏப்ரல் 27-ஆம் தேதி வெளியானது. நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். நான்கு பருவங்கள், பருவத்திற்கு 10 அத்தியாயங்கள் என்று 2023 ஜூன் மாதம் நிறைவு பெற்றது. உருவாக்கியவர்கள் மிண்டி கேலிங், லேங் பிஷர் என்ற இருவர். மிண்டி கேலிங்கின் உண்மையான குடும்பப் பெயர் சொக்கலிங்கம். அவருடைய தந்தை தமிழர்.

கதாநாயகி தேவி விஸ்வகுமாராக நடித்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். கனடாவின் மிசிசாகா நகரில் வளர்ந்தவர். இலங்கையிலிருந்து அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகள். இந்தப் பாத்திரத்திற்கு விண்ணப்பித்த ஏறக்குறைய 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் பதின்ம வயதைத் தாண்டவில்லை. அதற்கு முன் எந்தத் தொடரிலும் நடித்ததும் இல்லை.

கதை நடப்பது லாஸ் ஏஞ்சலிசின் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில். தேவிக்கு 15 வயது. படிப்பில் கெட்டிக்காரி, வாய்த் துடுக்கும் கோபமும் அதிகம். அவளுடைய அப்பா மோகன், பள்ளி இசை நிகழ்ச்சியில் தேவி ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் சாய்ந்துவிடுகிறார். அந்த அதிர்ச்சியில் தேவியின் கால்கள் மூன்று மாதம் செயலற்றுப் போகின்றன. அம்மா நளினி தோல் மருத்துவர். கண்டிப்பானவர். வீட்டில் தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் உறவுக்காரப் பெண் கமலாவும் உண்டு. இந்த மூன்று பெண்களின் வீடுதான் தொடரின் நடுநாயகம்.

முதல் பருவம் முழுவதும் தேவி அப்பாவைப் பற்றிப் பேச மறுக்கிறாள். மனநல ஆலோசகரான டாக்டர் ரையன் எத்தனை முறை கேட்டாலும் பேச்சை மாற்றி, பள்ளியில் எல்லாரும் மயங்கும் பக்ஸ்டனைப் பற்றித்தான் சொல்வாள். பார்ப்பவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். அப்பாவைப் பற்றி நினைக்காமல் இருக்க அவளுக்குக் கிடைத்த வழி அது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரியும்.

பத்தாம் அத்தியாயம்

மகள் எனக்குக் காட்டியது முதல் பருவத்தின் கடைசி அத்தியாயம். இந்தத் தொடரில் பெரும்பாலும் அத்தியாயத்தின் பெயர், 'நான் ஒருபோதும்' என்று தொடங்கும் தொடரின் தலைப்பை முடித்துவைப்பதுபோல் இருக்கும். இந்த அத்தியாயத்தின் பெயரைச் சேர்த்துப் படித்தால், 'நான் ஒருபோதும் மன்னிப்புக் கேட்டதில்லை' என்று வரும்.

அம்மா தன்னை இந்தியாவுக்கே அழைத்துப்போகத் திட்டமிடுகிறார் என்று தெரிந்து தேவி கொதித்துப் போயிருக்கிறாள். சண்டையில், அன்றைக்கு அப்பாவுக்குப் பதில் நீங்கள் செத்திருக்கலாம் என்ற பொருளில் ஒரு வார்த்தையை அம்மாவின் முகத்துக்கு நேரே வீசிவிட்டாள். வீட்டை விட்டுக் கிளம்பி, வகுப்பில் தன் போட்டியாளனாக இருக்கும் பென் வீட்டில் போய்த் தங்கிவிடுகிறாள்.

அப்பாவின் பிறந்தநாள் வருகிறது. அன்று மாலிபு கடற்கரையில் அஸ்தியைக் கரைக்கலாம் என்று நளினி முடிவு செய்கிறார். தேவி வர மறுக்கிறாள். அவள் ஏன் அம்மாவிடம் இவ்வளவு கசப்பாக இருக்கிறாள் என்பதற்கான விடை இந்த அத்தியாயத்தில்தான் கிடைக்கிறது. அப்பா இறந்த அன்று மாலை, பெற்றோர் இருவரும் தன்னை வைத்து வாக்குவாதம் செய்ததை அவள் கேட்டிருக்கிறாள். கோபத்தில் அம்மா தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்குப் பின் அப்பா போய்விட்டார். அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது.

தோழிகள் பேபியோலாவும் எலினோரும் வந்து அவளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். பென் காரோட்ட, அவள் மாலிபுவுக்குப் போய்ச் சேர்கிறாள். கடற்கரையில் அம்மாவும் மகளும் பேசுவது சில நிமிடங்கள்தான். மகள் மன்னிப்புக் கேட்கிறாள். தாய் அவளை அணைத்துக்கொள்கிறார். மூன்று பெண்களும் சேர்ந்து மோகனின் அஸ்தியைக் கடலில் கரைக்கிறார்கள்.

நளினியாக நடித்த பூர்ணா ஜெகன்னாதனை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். ஒன்பது அத்தியாயங்களாக அதட்டிக்கொண்டே இருந்த அம்மா அவர். கணவனை இழந்த பெண் அழுவதற்குக்கூட நேரமில்லாமல் வீட்டையும் வேலையையும் சுமக்கும்போது, அவளுடைய துக்கம் அதட்டலாகத்தான் வெளியே வரும். எனக்கு அது தெரியும். அந்தக் கடற்கரையில் அவர் முகம் இளகுவதைப் பார்த்தபோது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு நல்ல செய்தி, தொடரின் கதைசொல்லியைப் பற்றியது. தேவியின் கதையைச் சொல்வது, விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை மூன்று முறை வென்ற டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ. ஆடுகளத்தில் நடுவர்களோடு சண்டை போட்டே பெயர் வாங்கியவர். தமிழ்ப் பெண்ணின் கதைக்கு இவர் எதற்கு என்று தோன்றும். தேவியின் அப்பா டென்னிஸ் பிரியர், மெக்கன்ரோவின் ரசிகர். கோபக்கார மகளின் மனதுக்குள் பேசும் குரல், அப்பாவுக்குப் பிடித்த கோபக்காரரின் குரல்!

குறைகளும் உண்டு

ஒரேயடியாகப் புகழ்ந்துவிட மாட்டேன். அஸ்தி கரைத்த ஈரம் காய்வதற்குள், காரில் காத்திருந்த பென்னுக்குத் தேவி முத்தம் கொடுக்கிறாள். அதே நேரத்தில் பக்ஸ்டன் அவளைத் தேடி வீட்டு வாசலில் நிற்கிறான். அடுத்த பருவத்திற்கு ஆள் சேர்க்க வேண்டுமே என்ற அவசரம் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தக் கடற்கரைக் காட்சியோடு முடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தமிழ்க் குடும்பம் என்கிறார்கள், ஆனால் பேச்சு கிட்டத்தட்ட முழுவதும் ஆங்கிலம்தான். இந்தியாவுக்குப் போவதை ஒரு தண்டனைபோலக் காட்டியதும் உறுத்தியது. பணக் கவலை என்பதே அந்த வீட்டில் அவ்வளவாகத் தெரிவதில்லை. கணவனை இழந்த மறுமாதமே கார்க் கடனுக்காக வங்கியில் போய் நின்ற என்னைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். பெரிய பிள்ளைகளுக்கான தொடர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்கள் முதலில் தனியாக ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

"அவங்க போனாங்கம்மா"

அத்தியாயம் முடிந்ததும் மகள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அவங்க மூனு பேருமே பொண்ணுங்கதான். அவங்க போனாங்கம்மா."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

என் கணவர் லாரி ஓட்டுநர். ஒரு வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பியவர், மதியம் மருத்துவமனையிலிருந்துதான் திரும்பினார். அப்போது மகள் இரண்டாம் படிவம். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. மின்சுடலைக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். கணவரின் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். மறுநாள் அஸ்தி கரைக்கப் புறப்பட்டபோது, இவள் காலணியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "நானும் வரேன் சித்தப்பா" என்றாள். பெரியவர்கள், பெண் பிள்ளை கடலுக்கெல்லாம் வரக்கூடாது என்று சொன்னார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் அவளுக்காகப் பேசியிருக்க வேண்டும். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "உள்ள போ, மானத்த வாங்காத" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, தாங்கிக்கொண்டாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். மதிப்பெண்கள் குறைந்தபோது கைப்பேசிமீது பழி போட்டேன்.

சடங்குகளை நான் குறைசொல்ல வரவில்லை. அவற்றைச் செய்தவர்கள் எங்களுக்குக் கைகொடுத்தவர்கள். இறுதிச் சடங்குச் செலவில் பாதியைக் கொழுந்தனார்தான் ஏற்றுக்கொண்டார். ஆனால், அப்பாவைக் கடைசியாக வழியனுப்ப ஆசைப்பட்ட பிள்ளைக்கு நான் சொன்ன பதில் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அது என்னுடைய பயம்.

தொடரில் மன்னிப்புக் கேட்டது மகள். எங்கள் வீட்டில் கேட்க வேண்டியவள் நான். அன்றிரவு கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். ஒன்றரை ஆண்டு தாமதமான அழுகை.

அதன் பிறகு பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைப் போய்ப் பார்த்தோம். டாக்டர் ரையனிடம் தேவி பேசுவதைப் பல அத்தியாயங்களில் பார்த்துவிட்டதாலோ என்னவோ, மகள் அதற்குக் கூச்சப்படவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேசுகிறாள். நம்மில் பலர் இதைப் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். காய்ச்சலுக்குக் கிளினிக் போவதுபோலத்தான் இதுவும்.

போன மாதம் என் கணவரின் பிறந்தநாள் வந்தது. "கடலுக்குப் போகலாமா?" என்று நானே கேட்டேன். கிள்ளான் துறைமுகம் பக்கம் போய் இறங்கிய பிறகுதான், எந்த இடத்தில் கரைத்தார்கள் என்பதே எனக்கும் தெரியாது என்று நினைவுக்கு வந்தது. நானும்தான் போகவில்லையே. கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். விவரம் கேட்டவர், "அண்ணி, அங்கேயே இருங்க, வரேன்" என்று சொல்லி, முக்கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

படகுத்துறையில் நின்று, நாங்கள் ஏறிய படகு அதோ அந்தப் பக்கம்தான் போனது என்று கையை நீட்டிக் காட்டினார். மகள் கொண்டுவந்திருந்த பூவையும், அப்பாவுக்குப் பிடித்த கோப்பி ஐஸ் ஒரு பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு நின்றாள். பூவைத் தண்ணீரில் போட்டாள். கோப்பியைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மீதியைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக் குடித்தார். பிறகு, "அன்னைக்கு நீயும் வந்திருக்கலாம்மா. நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"பரவால்ல சித்தப்பா" என்றாள் என் மகள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரியாத கதைகள்கூட அதில் இருந்தன. இரண்டாம் பருவத்தை இப்போது இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். தேவிக்குப் புத்தி இன்னும் முழுசாக வரவில்லை. என் மகளுக்கும்தான். அறைக் கதவு மட்டும் இப்போது பாதி திறந்திருக்கிறது.