கண்ணும் காதும் நம் பொறுப்பு



ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி, ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்கும் கண்ணுக்கும் கட்டாகிறது. அதை நெய்யும் விசைத்தறியின் சத்தமோ, தொழிலாளியின் காதைப் பதம் பார்க்கிறது! நாளை மில்லுக்கும் பட்டறைக்கும் போகப்போகிற நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கிரைண்டிங்கில் பறந்த இரும்புத் துகள் நண்பன் கண்ணில் குத்தி நின்றால், "இருடா, எடுத்துடறேன்"னு கைக்குட்டையோடு ஓடாதீர்கள். கசக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. கண்ணில் அழுத்தாதபடி காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டி, உடனே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பேட்டரி ஆசிட்டோ சுண்ணாம்போ பட்டால் முதல் வைத்தியம் தண்ணீர்தான். இமையை விரித்து 20 நிமிடமாவது கழுவிய பிறகே ஆஸ்பத்திரி. சுண்ணாம்பு ஆசிட்டைவிடப் பொல்லாதது. உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும்.

காது வலிச்சா எண்ணெய் காய்ச்சி ஊத்துறது நம்மூர் வழக்கம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கிவிடும். சீழ் வடிந்தால் வெளியே வருவதை மட்டும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். குளிக்கும்போது தண்ணீர் புகவிடாதீர்கள். ஊக்கு, கோழி இறகு வேண்டவே வேண்டாம்.

85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் 8 மணி நேரம் நின்றால், உள்காதின் நுண்ணிய முடிச்செல்கள் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் செத்துப்போகும். அவை மறுபடி முளைக்காது. கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே காதடைப்பான் அவசியம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்க்கக் கண்ணும், நாதசுரம் கேட்கக் காதும் கடைசிவரை வேண்டுமல்லவா? அப்படியென்றால் கண்ணாடியையும் காதடைப்பானையும் மாட்டிக்கொண்டே மெஷினைத் தொடுவோம்!